மூன்றாம் பாகம் முதலில் நடந்தது

ஜுபைலில், கடல் தெரியாத அறையில்,
வெள்ளிக்கிழமை மத்தியானம்.
ஏசி சொட்டும் நீருக்குக் காலி பெயிண்ட் வாளி.
தவசீலன் திரையை நகத்தால் தட்டுகிறான்:
இந்தச் சுவரைப் பார்,
உப்பு எதுவரை ஏறியிருக்கிறது?

விளையாட்டின் உண்மைப் பெயர் எங்கள் வாயில் நுழையாது.
உப்புக்கோபுரம் என்போம்.
ஐந்து பாகம். ஆடி முடித்தது நாலு.
ஐந்தாவது, ஓவர்டைம் காசு வந்தால்.

முதல் பாகத்தில் கறை பதினோராம் படியில்,
மூன்றாம் பாகத்தில் ஏழாம் படியில்.
அந்த உலகத்தில் கடல் ஏறும், இறங்காது.
ஆகவே மூன்று முதலில் நடந்தது,
ஒன்று பிறகு.
டேங்க் சுவரில் துரு அளக்கிறவன் அவன்,
படியை எண்ணாமல் ஏற மாட்டான்.

கில்பர்ட் ஒப்பவில்லை.
அப்போ விளக்குக்காரியின் கைத் தழும்பு?
மூன்றில் இருக்கு, ஒன்றில் இல்லை.
தழும்பு அழியுமாடா என்று
சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினான்.
வெல்டிங் பொறி விழுந்து ஒன்பது வருஷம்,
இன்னும் பளபளக்கிறது.

போர்வைக்குள்ளிருந்து ரியாசுதீன்:
அது அவள் இல்லை. அவள் அம்மா.

நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குகிறவனிடம்
யார் வாதாடுவது?

என் கவலை கதவு.
நாலாம் பாகத்தின் அடித்தளத்தில்
கைப்பிடி இல்லாமல் ஒன்று.
மேலே ஒரே வரி: நீர் வடியும் வேளையில் வா.
விளக்கை ஏற்றிப் போனோம், அணைத்துப் போனோம்,
பின்பக்கமாக நடந்துகூடப் போனோம்.
செய்தவர்கள் பாதியில் விட்ட கதவு அது என்று
நான்தான் தீர்ப்புச் சொல்லியிருந்தேன்.

திறந்தது என்று சொன்னவன் பூமிநாதன் மட்டும்.
யாரும் நம்பவில்லை.
நாங்கள் சோப்புத் தலையோடு நிற்கும்போதே
பஸ் வந்தாச்சு என்று கத்துகிறவன் அவன்.
ஃபைனல் எக்ஸிட்டில் போனபோது
ரைஸ் குக்கரையும் இந்தப் பெட்டியையும் விட்டுப்போனான்.
இரண்டாம் சேமிப்பு அவனுடையது.
தொண்ணூற்றேழு சதவீதம்.
நாங்கள் தொட்டதில்லை.

இன்று தொட்டேன்.
கதவுக்கு முன் விளக்குக்காரி,
விளக்கு அணைந்திருக்கிறது.
கீழே பொடி எழுத்தில் நேரம்: காலை ஆறரை.

பொய், என்றான் கில்பர்ட். பஸ் நாலரைக்கு.
ஆறரைக்கு அவன் கேட்டில் வரிசையில் நின்றான்,
எனக்கு முன்னால்.

தவசீலன் விரல் விட்டு எண்ணினான்.
இரண்டரை மணியைக் கழி.
இங்கே நாலு.

பெட்டியின் கடிகாரத்தை
இந்திய நேரத்தில் வைத்திருந்தான், கள்ளன்.
அவன் போன அன்றே
ரொம்ப அக்கறையாக அதைத் திருத்தியது நாங்கள்.
அதற்கப்புறம் எந்த ஆறரைக்கும்
இந்தத் திரைமுன் ஆள் இல்லை:
ஆறு நாள் வேலை, ஏழாம் நாள் தூக்கம்.

கடிகாரத்தை ஆறு இருபத்தெட்டுக்குத் தள்ளினோம்.
இரண்டு நிமிஷம்.
வாளியில் சொட்டு விழுவது தனியாகக் கேட்டது.
ரியாசுதீன் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

நீர் வடிந்தது.
கதவு, சத்தமே இல்லாமல்.

உள்ளே கீழிறங்கும் படிகள்.
சுண்ணாம்பு காயாத சுவர், உப்பே இல்லை.
தரையில் ஈரக் காலடி,
எங்களுக்கு முன்பே இறங்கிப் போனவை.
சின்னக் காலடி.

அப்போ நாலுதான் எல்லாத்துக்கும் முதல், என்றான் தவசீலன்.
அம்மா இல்லை, அது மகள், என்றான் ரியாசுதீன்,
தன் கட்சியைத் தானே மாற்றிக்கொண்டு.
காலில் தழும்பு இருந்தால் தெரியுமா, இது கில்பர்ட்.
கத்தல் கேட்டுப் பக்கத்து அறைக்காரர்
கதவைத் தட்டினார், எங்கள் கதவை.

விசாகப்பட்டினத்துக்குச் செய்தி அனுப்பினேன்:
திறந்தது.

பூமிநாதன் உடனே கேட்டான்:
எத்தனை படி?

திரும்பிப் பார்த்தோம்.
ஆறு நாற்பத்தொன்று. மூடிவிட்டது.

எண்ணவில்லை.
தவசீலன்கூட.